குளிர்காலத்தை வழியனுப்பும் மஸ்லெனித்ஸா

ருஷ்ய தேசத்தார் குளிர்காலத்தை வழியனுப்பக் கொண்டாடும் மஸ்லெனித்ஸா என்னும் விழா, பனி உருகி வயல்கள் கண்ணுக்குத் தெரிந்த பின்னர் வருவதன்று. பிப்ரவரியிலோ மார்ச்சிலோ, நதிகள் இன்னும் உறைந்தே கிடக்கையில், ஈஸ்டருக்கு முந்திய நீண்ட உபவாசத்திற்கு முன்வாரமாக வருவது. ஆதலால், எழுந்திருக்க மனமில்லாத விருந்தாளிக்குத் தாம்பூலம் நீட்டுவது போன்றதே இக்காரியம் என்று சொல்லலாம்.

அவ்வாரத்தின் போஜனத்தை நிர்ணயிப்பது திருச்சபையின் விதி. மாமிசம் முந்திய ஞாயிற்றுக்கிழமையோடு விலக்கு; பாலும் வெண்ணெயும் முட்டையும் இன்னும் ஏழு நாட்களுக்கு மட்டுமே அனுமதி; அதன்பின் ஏழு வாரங்களுக்கு அவையும் ஆகா. வீட்டிலுள்ள வெண்ணெயையெல்லாம் செலவிட்டுத் தீர்க்க, 'ப்ளினி' என்னும் மெல்லிய அப்பத்தைக் காட்டிலும் உசிதமான உபாயம் வேறில்லை. கோதுமை மாவையோ பக்வீட் என்னும் தானியத்தின் மாவையோ பாலில் கரைத்து, ஈஸ்ட் சேர்த்துப் பொங்கவிட்டு, காய்ந்த வார்ப்பிரும்புச் சட்டியில் பாதி வெங்காயத்தை நெய்யில் தோய்த்துத் தடவி, ஒரு கரண்டி மாவைச் சுழற்றி ஊற்றினால், நொதித்த மாவிலுள்ள வாயு வெளியேறும் இடமெல்லாம் துளை துளையாகும். அத்துளைகளில்தான் வெண்ணெய் இறங்குகிறது. முதல் அப்பத்தை இறந்தோர் நினைவாக ஏழைக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். புதன்கிழமை மாமியார் மாப்பிள்ளையை அழைத்து அப்பமிடுவாள். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை அவளை உபசரிக்கவேண்டும். இரண்டாவதுதான் சிரமமான விருந்தென்று தோன்றுகிறது.

விளையாட்டுக்களில் பிரதானமானது பனிச்சறுக்கு மேடை. மேட்டுச் சரிவில் நீரை ஊற்றி இரவில் உறையவிட்டால் கிராமத்தாருக்குப் போதும். பீட்டர்ஸ்பர்க் நகரிலோ, உறைந்த நேவா நதியின்மேல் உயரமான மரச்சாரங்கள் கட்டி, சரிவில் பனிக்கட்டிப் பாளங்களைப் பதித்தார்கள். பனிக்கட்டியின் மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகள் உள்ளிருப்பவை போல் இறுகப் பிணைந்திராமையால், அங்கே நீரை ஒத்ததொரு மெல்லிய படலம் உண்டாகி உராய்வைக் குறைக்கிறது. குடியானவர்களோ, சறுக்குவண்டி எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அவ்வளவு நெடிதாக அவ்வாண்டு ஆளிச்செடி வளரும் என்று நம்பினர். சைபீரியாவில் பனிக்கோட்டை கட்டி, குதிரையேறி அதைத் தகர்ப்பதுண்டு. சூரிக்கோவ் என்னும் ஓவியர் 1891-இல் தீட்டிய சித்திரம் அதனைக் காட்டுகிறது.

ஞாயிற்றுக்கிழமை, பழந்துணிகளை உடுத்த வைக்கோல் பெண்ணுருவை ஊர்ப்புறத்தில் கொளுத்துவர். பல ஊர்களில் சாம்பலை வயலில் தூவுவர். அன்று மாலை பெரியோர் சிறியோர் என்ற பேதமின்றி ஒருவரையொருவர் வணங்கி மன்னிப்புக் கேட்டுக்கொள்வர். "கடவுள் மன்னிப்பார்" என்பதே பதில். மறுநாள் திங்கட்கிழமை வேலை, நெய்ப்பிசுக்குப் போகப் பாத்திரங்களைத் தேய்ப்பதும் வெந்நீர்க் குளியலுமே.