வீட்டுக் கழிவில் கடதாசிப் பூ: எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது

ஊருக்குத் திரும்பி வந்த பின் வரும் முதல் விசேடம் எதுவாகவும் இருக்கலாம். கோவில் பொங்கல், நத்தார், பெருநாள், பிள்ளையின் பிறந்தநாள், சாமத்திய வீடு, இறந்தவர் ஒருவரின் நினைவு நாள். எதுவானாலும் வாசலில் சிறிதளவு சோடனை இருந்தால் நல்லது என்று மனம் கேட்கும். ஆனால் முற்றத்தில் நட்ட செவ்வரத்தை இன்னும் பூக்கவில்லை. கடையில் சோடனைப் பொருள் வாங்கக் கையில் காசு இல்லை.

கடதாசிப் பூவுக்குக் காசு வேண்டியதில்லை. தேவையான எல்லாம் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. இந்தக் கட்டுரையில் நாம் திரும்பத் திரும்பச் சொல்லப்போவதும் அதுதான்: பொருட்களை வீட்டுக்குள்ளே தேடுங்கள். பூவுக்குக் கம்பி தேடி, சாடிக்குத் தகரம் தேடி, பற்றைக்காணிக்குள்ளும் உடைந்த வீடுகளுக்குள்ளும் போகாதீர்கள். பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள்.

எடுத்து வைக்கக்கூடியவை

இன்று முதல் ஒரு பையை வீட்டு மூலையில் தொங்கவிட்டு, பின்வருவனவற்றைச் சேர்த்து வாருங்கள்.

- எழுதி முடிந்த பாடசாலைக் கொப்பிகள், பழைய பத்திரிகைகள், கடையில் சாமான் சுற்றித் தந்த கடதாசி
- சவர்க்காரம், தேயிலை, பற்பசை வந்த மட்டைப் பெட்டிகள்
- முட்டைத் தட்டு
- பால்மாப் பை, பிஸ்கற் பை (உட்பக்கம் வெள்ளி போல் மினுங்கும், பூவின் நடுப்பகுதிக்கு உதவும்)
- நிவாரணப் பொதிகளைக் கட்டி வந்த சணல் நூல், மா மூடையின் தையல் நூல்
- எரிந்து முடிந்த மெழுகுதிரித் துண்டுகள்
- தென்னை அல்லது பனை ஈர்க்கு

உரப்பை, பூச்சிமருந்துப் போத்தல், களைநாசினிப் பெட்டி ஆகியவற்றைச் சேர்க்க வேண்டாம். எத்தனை தரம் கழுவினாலும் மருந்து முற்றாகப் போகாது. பூச் செய்யும் பிள்ளை அடுத்த நிமிடம் அதே கையால் சாப்பிடும்.

வெட்டுவதற்கு முன் வாசியுங்கள்

இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களிடம் கசங்கிய கடதாசிகள் நிறைய இருக்கும். அவற்றில் சில, குப்பை போலத் தோன்றினாலும், வீட்டுத் திட்டத்துக்கோ காணிப் பிணக்குக்கோ நட்டஈட்டுக்கோ நாளை தேவைப்படக்கூடியவை. கத்தரிக்கோலை எடுக்கும் முன், எழுத வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு தாளையும் ஒரு தடவை பார்க்க வேண்டும். பின்வருவன ஒருபோதும் வெட்டப்படக்கூடாதவை.

- பிறப்பு, இறப்பு, விவாகச் சான்றிதழ்கள், அவற்றின் பிரதிகளும்தான்
- காணி உறுதி, காணி அனுமதிப்பத்திரம், வரி கட்டிய பற்றுச்சீட்டு
- குடும்ப அட்டை, நலன்புரி நிலையத்தில் தந்த பதிவு அட்டை
- வைத்தியசாலைத் துண்டு, கிளினிக் கொப்பி, பிள்ளையின் தடுப்பூசி அட்டை
- வங்கிப் புத்தகம், அடகுச் சிட்டை
- பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு. காணாமற்போன ஒருவரைப் பற்றி எந்த அலுவலகத்துக்கு எழுதிய, எந்த அலுவலகத்திலிருந்து வந்த கடிதமும்
- பாடசாலை முன்னேற்ற அறிக்கை, பரீட்சைப் பெறுபேறு

இவற்றில் ஒன்று கிடைத்தால் கிழிந்திருந்தாலும் ஒட்டி, தடித்த பொலித்தீன் பையில் போட்டு, மழை படாத இடத்தில் வையுங்கள். ஒரு தாள் இன்னதென்று விளங்காவிட்டால் வெட்டாமல் கிராம அலுவலரிடம் காட்டுங்கள்.

பழைய கொப்பிகளையும் வீட்டிலுள்ளவர்களிடம் கேட்ட பின்பே எடுங்கள். உங்களுக்கு அது எழுதி முடிந்த கொப்பி. வீட்டில் இன்னொருவருக்கு அது இப்போது இல்லாத ஒருவரின் கையெழுத்தாக இருக்கலாம்.

பசை

ஒரு கோப்பைத் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மா போதும். முதலில் சிறிது பச்சைத் தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரையுங்கள். மிகுதித் தண்ணீரைக் கொதிக்கவைத்து, கரைத்த மாவை அதில் ஊற்றி, மெல்லிய நெருப்பில் கிண்டுங்கள். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடி போல வந்ததும் இறக்குங்கள். அரைத் தேக்கரண்டி உப்புச் சேர்த்தால் இரண்டு மூன்று நாள் புளிக்காமல் இருக்கும்.

பங்கீட்டு மாவைப் பசைக்குச் செலவழிக்க மனமில்லையென்றால், வண்டு விழுந்த மாவோ, குழைந்த சோற்றுப் பருக்கையோ, கெட்டியான கஞ்சியோ அதே வேலையைச் செய்யும். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் துருசு போடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது நஞ்சு. பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

சாயம்

வெள்ளைக் கொப்பித் தாளுக்கு வீட்டுச் சாயமே போதுமானது.

- மஞ்சள் நிறம்: ஒரு கோப்பைச் சுடுதண்ணீரில் ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூள்
- சிவப்பு: அதே மஞ்சள் தண்ணீரில் சிறிது சவர்க்காரம் கரைத்தால் நிறம் சிவக்கும்
- இளஞ்சிவப்பு: பீற்றூட் தோலை அவித்த தண்ணீர்
- மண்ணிறம்: தேயிலைச் சக்கையை மறுபடி கொதிக்கவைத்த சாயம்
- இளநீலம்: உடுப்புக்குப் போடும் நீலம்

தாளை மெதுவாக நனைத்து எடுத்து, கொடியில் நிழலில் காயப் போடுங்கள். வெயிலில் காய்ந்தால் மஞ்சள் நிறம் விரைவாக வெளுத்துவிடும். மை ஊறிப் பரவும் தாள்களை ஒதுக்கி, பென்சிலால் எழுதிய தாள்களை எடுப்பது நல்லது.

மூன்று பூக்கள்

*ரோசாப் பூ.* ஒரு சிறிய கிண்ணத்தைத் தாளில் கவிழ்த்து, ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர் அகலமான வட்டம் வெட்டுங்கள். வட்டத்தின் ஓரத்திலிருந்து தொடங்கி, நத்தை ஓடு போலச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வெட்டி வாருங்கள். நாடாவின் அகலம் ஒன்றரைச் சென்ரிமீற்றர் இருக்கட்டும். ஓரத்தைச் சற்று வளைவு வளைவாக வெட்டினால் இதழ் போல இருக்கும். நடுவில் ஒரு நாணயத்தின் அளவு வட்டத்தை மிச்சம் விடுங்கள். இப்போது வெளி நுனியிலிருந்து இறுக்கமாகச் சுருட்டுங்கள். நடு வட்டம் வந்ததும் கையைச் சற்றுத் தளர்த்த, சுருள் விரிந்து பூவாகும். வட்டத்தில் பசை பூசி, பூவை அதன்மேல் இருத்தி, பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடியுங்கள். சிறு பிள்ளைக்கும் இரண்டாம் தடவையில் கைவரும்.

*செவ்வந்திப் பூ.* 40 சென்ரிமீற்றர் நீளமும் 6 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள நாடா தேவை. கொப்பித் தாள் நீளம் போதாது, இரண்டை ஒட்டிக்கொள்ளுங்கள். நீளப் பக்கம் ஒன்றில் அரைச் சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு, 4 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நெடுகிலும் வெட்டுங்கள். வெட்டாத 2 சென்ரிமீற்றர் பகுதியில் பசை பூசி, ஈர்க்கின் நுனியைச் சுற்றி இறுக்கமாகச் சுருட்டி நூலால் கட்டுங்கள். பசை காய்ந்த பின் இதழ்களை விரலால் வெளிப்புறம் வளையுங்கள். முதலில் பால்மாப் பையின் மினுங்கும் துண்டொன்றைச் சுற்றிவிட்டு, அதன்மேல் கடதாசியைச் சுருட்டினால் நடு பளபளக்கும்.

*பந்தல் பூ.* இது வாசலுக்கும் பந்தலுக்கும் ஏற்ற பெரிய பூ. பத்திரிகைத் தாளில் 30க்கு 40 சென்ரிமீற்றர் அளவில் ஆறு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். மேலே இருக்கும் இரண்டு தாளும் சாயமிட்ட வெள்ளைத் தாளானால் அழகு. அடுக்கை 3 சென்ரிமீற்றர் அகலத்தில் விசிறி போல முன்னும் பின்னுமாக மடித்து, நடுவில் சணல் நூலால் இறுக்கிக் கட்டுங்கள். இரு நுனிகளையும் வளைவாக வெட்டி, பின்னர் மேல் தாளிலிருந்து ஒவ்வொன்றாக நடுவை நோக்கிக் கவனமாகத் தூக்கிவிடுங்கள். அவசரப்பட்டால் கிழியும்.

பத்திரிகையை எடுக்கும்போது பக்கத்தைப் பாருங்கள். மரண அறிவித்தல் பக்கம் கலியாணப் பந்தலில் தொங்கினால் யாருக்கும் நன்றாக இராது.

முட்டைத் தட்டு உள்ளவர்கள் ஒவ்வொரு குழியையும் தனியாக வெட்டி, விளிம்பை ஐந்து இதழாக்கி, ஒன்றுக்குள் ஒன்றாக ஒட்டலாம். இது கடதாசியை விட உறுதியானது.

காம்புக்குக் கம்பி வேண்டாம்

பூவுக்குக் காம்பாகத் தென்னை ஈர்க்கே சிறந்தது. வளைய வேண்டிய இடத்தில் இரண்டு ஈர்க்கை நூலால் சுற்றிக் கட்டலாம். சாடிக்குப் பால்மாப் பேணியோ, மேற்பகுதி வெட்டிய தண்ணீர்ப் போத்தலோ போதும்.

மண்ணில் கிடக்கும் கம்பியை இழுக்க வேண்டாம். அது எதனுடன் தொடுக்கப்பட்டிருக்கிறது என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது. வெற்றுக் கோது என்று நினைத்து எறிகணைக் கோதுகளைப் பூச்சாடியாக வைக்கும் வழக்கமும் ஆபத்தானது. வெடித்ததா, வெடிக்காததா என்று பார்வையால் சொல்ல முடியாது. கறள் பிடித்ததால் ஆபத்துக் குறைந்துவிடாது.

சிவப்புப் பலகை, மண்டையோட்டு அடையாளம், எச்சரிக்கை நாடா உள்ள இடத்தைத் தாண்டாதீர்கள். அடையாளம் இல்லாத பற்றையையும் பாதுகாப்பானது என்று எண்ணாதீர்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள், கல்லெறியாதீர்கள், அந்த இடத்தில் நெருப்பு வைக்காதீர்கள். வந்த வழியாலேயே திரும்பி வந்து, கிராம அலுவலருக்கோ கண்ணிவெடி அகற்றும் பணியாளருக்கோ அறிவியுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதற்குப் பூச் செய்யும் நேரமே நல்ல நேரம். கை வேலையில் இருக்கும்போது காது கேட்கும். "கம்பி ஏன் வேண்டாம்?" என்று பிள்ளை கேட்டால், காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

மழைக்கும் நெருப்புக்கும்

மாரி காலத்தில் கடதாசிப் பூ ஈரம் பிடித்துச் சுருங்கும். மெழுகில் தோய்த்தால் பல நாள் தாங்கும். மெழுகுதிரித் துண்டுகளை ஒரு பேணியில் போட்டு, அந்தப் பேணியைக் கொதிக்கும் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்குங்கள். பேணியை நேரே அடுப்பில் வைத்தால் மெழுகு தீப்பற்றும். அப்படிப் பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடுங்கள். பூவை ஒரு கணம் மட்டும் தோய்த்து எடுத்து, தலைகீழாகத் தொங்கவிடுங்கள். இதைப் பெரியவர்கள் மட்டுமே செய்ய வேண்டும்.

மெழுகிட்ட பூ நெருப்பில் இன்னும் வேகமாக எரியும். கிடுகுக் கொட்டிலில் இருப்பவர்கள் இதை மறக்கக்கூடாது. குப்பி விளக்கு, சாமி விளக்கு, ஊதுபத்தி இருக்கும் இடத்திலிருந்து ஒரு பெரியவர் கை நீட்டினாலும் எட்டாத தூரத்தில் பூவைக் கட்டுங்கள். கூரைக் கிடுகில் நேரே செருகாதீர்கள். வெட்டி மிஞ்சிய பொலித்தீனை அடுப்பில் போட்டு எரிக்க வேண்டாம். அந்தப் புகை கைக்குழந்தைகளுக்குக் கேடு.

விற்கலாமா?

அயலில் ஒரு கலியாணமோ திருவிழாவோ வந்தால் விற்கலாம். ஆனால் இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியும் என்று நாம் சொல்லமாட்டோம். விசேடம் உள்ள மாதங்களில் கேட்பார்கள். மற்ற மாதங்களில் கேட்கமாட்டார்கள். விற்க விரும்புபவர்களுக்கு நான்கு விடயங்கள்:

1. முதல் பத்துப் பூவைச் செய்ய எடுத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். கடதாசி சும்மா கிடைத்தது என்பதற்காக உங்கள் நேரமும் சும்மா அல்ல. கூலி வேலையில் அந்த நேரத்துக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்து விலை சொல்லுங்கள்.
2. பெரிய அளவில் கேட்பவரிடம் முற்பணம் வாங்குங்கள். எத்தனை பூ, என்ன நிறம், எந்த நாள் என்று எழுதி வையுங்கள்.
3. தனியாகச் செய்வதைவிட நான்கைந்து வீட்டார் சேர்ந்து செய்யுங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இயங்கும் இடங்களில் அதன் கூட்டத்தில் பேசலாம்.
4. இதற்காகக் கடன் எடுக்க வேண்டாம். பளபளக்கும் கடதாசி வாங்கக் கடன் தருகிறோம் என்று எவர் வந்தாலும், வீட்டிலிருக்கும் கடதாசி முடியட்டும் என்று சொல்லுங்கள்.

எங்கே தொடங்குவது

இன்று மாலை ஒரு கொப்பித் தாளில் ஒரு ரோசாப் பூ செய்து பாருங்கள். பிள்ளைகளுடன் அயலிலுள்ள வயதானவர்களையும் கூப்பிடுங்கள். கோவில் சோடனையும் மணவறைச் சோடனையும் கையால் செய்து பழகியவர்கள் அவர்களில் இருப்பார்கள். இங்கே எழுதியதைவிட நல்ல முறைகள் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பல ஆண்டுகள் வேறு வேறு ஊர்களில் இருந்துவிட்டு வந்த அயலவர்கள் மறுபடி ஒரு பாயில் இருந்து பேசுவதற்கும் இது ஒரு சாட்டு.

பூக்கள் சேர்ந்ததும் முதல் மாலையை உங்கள் வாசலில் கட்டுங்கள். அதற்குள் செவ்வரத்தைக்குத் தண்ணீர் ஊற்றி வாருங்கள். அடுத்த வருட விசேடத்துக்கு அது பூத்துவிடும்.