சமையலறையை இடிக்கும் முன் மவுஸைப் பிடியுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். முதல் மாதம் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள். பிறகு பாட்டு, படம், பிள்ளைகளின் பள்ளி வேலை என்று அதன் பயன்பாடு சுருங்கிவிடும். "இந்தப் பெட்டியால எங்களுக்கு என்ன பிரயோஜனம்?" என்று சமையலறையிலிருந்து கேள்வி வந்தால், பதில் சொல்லத் தெரியாமல் விழிப்போம். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். இதற்காக எந்த சாப்ட்வேரையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

திண்டிவனத்தை அடுத்த பிரம்மதேசத்தில் என் அக்காவின் வீடு இருக்கிறது. சமையலறை 8 அடிக்கு 6 அடி. ஒரு நாள் வடிப்பதற்காகச் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்குப் போனபோது, வழியில் நின்ற கேஸ் சிலிண்டரில் கால் இடறி, கஞ்சியைப் பாதத்தில் கொட்டிக்கொண்டார். புண் ஆறப் பல நாட்கள் ஆயின. "இடம் பத்தல, மேற்குச் சுவரை இடிச்சு 3 அடி தள்ளிடலாம்" என்று மாமா முடிவு செய்து மேஸ்திரியை அழைத்துவிட்டார். அதற்கென எடுக்க இருந்த பணம், மகளின் காலேஜ் கட்டணத்துக்காகச் சேர்த்தது. அந்தச் சமயத்தில்தான் நான் போயிருந்தேன். "இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை வரைஞ்சு பாத்துடலாம் மாமா" என்றேன். "சமையக்கட்ட கம்ப்யூட்டர்லயா கட்டப் போற?" என்று அக்கா சிரித்தார்.

சிறிய சமையலறை என்பது அக்கா வீட்டில் மட்டும் உள்ள கதை இல்லை. தமிழக அரசு 2011-ல் அறிவித்த பசுமை வீடுகள் திட்டத்தில் வீட்டின் அளவே 300 சதுர அடி. 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி. கூடம், படுக்கை, சமையல் எல்லாம் இதற்குள்தான். வீட்டின் அளவு இப்படி இருக்க, சாமான்கள் மட்டும் வளர்ந்துகொண்டே வந்தன. விறகடுப்பு இருந்த இடத்துக்குக் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் வந்தன. 2011-ல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர் திட்டத்தால் அவையும் வந்து சேர்ந்தன. பிறகு பிரிட்ஜ். ஒவ்வொன்றும் வந்த அன்று எங்கே காலி இடம் இருந்ததோ அங்கே நின்றது. அதுவே நிரந்தர இடமாகிவிட்டது. இடைஞ்சல் தொடங்குவது இங்கேதான்.

முதல் வேலை: டேப்பும் நோட்டும்

கம்ப்யூட்டரை ஆன் செய்வதற்கு முன் இன்ச் டேப்பால் அளவு எடுங்கள். அறையின் நீளம், அகலம், கதவின் அகலம், அது எந்தப் பக்கம் திறக்கிறது, ஜன்னல், தண்ணீர்க் குழாய், பிளக் பாயிண்ட் ஆகியவற்றின் இடங்கள் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மூலைக்கு மூலை இரண்டு முறை அளப்பது நல்லது. பழைய வீடுகளில் எதிரெதிர்ச் சுவர்கள் ஒரே நீளம் இருப்பதில்லை.

கால்க் புரோகிராமில் கட்டங்கள்

லிப்ரே ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமை இங்கு எடுத்துக்கொள்கிறோம். எக்ஸெல் வைத்திருப்பவர்கள் அதிலும் இதே முறையில் செய்யலாம். மெனுக்களின் பெயர்கள் மட்டும் சற்று மாறும்.

1. கால்க் திறந்து புதிய பைல் ஒன்றை உருவாக்கவும். கண்ட்ரோல் + ஏ அழுத்தினால் எல்லா செல்களும் தேர்வாகும்.

2. பார்மட் மெனுவில் ரோஸ் சென்று, ஹைட் என்பதில் கிளிக் செய்யவும். கிடைக்கும் கட்டத்தில் 0.5 செ.மீ. எனக் கொடுத்து ஓகே கிளிக் செய்யவும். இதே போல காலம்ஸ் பிரிவில் விட்த் என்பதற்கும் 0.5 செ.மீ. கொடுக்கவும். இப்போது ஒர்க்ஷீட் முழுவதும் கணக்கு நோட்டு போலச் சதுரக் கட்டங்களாக மாறிவிடும்.

3. ஒரு கட்டம் 3 அங்குலம் என வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 4 கட்டம் ஓர் அடி. அதாவது வீட்டில் 1 அடி, திரையில் 2 செ.மீ. இந்த ஒரு கணக்கை மட்டும் நினைவில் வைத்தால் போதும். 8 அடிக்கு 6 அடி அறை 32 கட்டத்துக்கு 24 கட்டமாக வரும். அந்தக் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, பார்டர் கருவியால் சுற்றிலும் தடித்த கோடு போடவும். சுவர் தயார். அச்சிட்டால் ஏ4 தாளில் அடங்கிவிடும்.

4. வியூ மெனுவில் டூல்பார்ஸ் சென்று டிராயிங் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். கிடைக்கும் டூல்பாரில் செவ்வகத்தைக் கிளிக் செய்து, மவுஸால் இழுத்து வரையவும். அளவு சரியாக வராவிட்டால் கவலை வேண்டாம். வரைந்த செவ்வகத்தைத் தேர்ந்தெடுத்து எப்4 கீயை அழுத்தினால் பொசிஷன் அண்ட் சைஸ் என்ற டயலாக் பாக்ஸ் கிடைக்கும். அதில் அகலம், உயரம் இரண்டையும் டைப் செய்யலாம். 6 அடி நீளம், 2 அடி அகல மேடை என்றால் 12 செ.மீ., 4 செ.மீ. பிரிட்ஜ் 2 அடிக்கு 2 அடி என்றால் 4 செ.மீ., 4 செ.மீ. சிலிண்டர் சுமார் 1 அடி அகலம், எனவே 2 செ.மீ. சதுரம் போதும்.

5. செவ்வகத்தின் மீது டபுள் கிளிக் செய்து பெயரை டைப் செய்யவும். நகராத பொருட்களுக்கு ஒரு நிறம், நகர்த்தக் கூடியவற்றுக்கு வேறு நிறம் கொடுங்கள். அதே டயலாக் பாக்ஸில் புரொடெக்ட் என்ற பிரிவு உண்டு. மேடை, தொட்டி போன்றவற்றுக்கு அதில் பொசிஷன் என்பதை டிக் செய்தால், மவுஸ் தவறிப் பட்டாலும் நகராது.

கதவுக்கும் ஒரு சதுரம்

புதியவர்கள் எல்லாரும் தவற விடுவது இதைத்தான். கதவு இரண்டரை அடி அகலம் என்றால், அது திறந்து மூடச் சுழலும் இடத்துக்கு இரண்டரை அடிச் சதுரம் ஒன்று (5 செ.மீ., 5 செ.மீ.) வரைய வேண்டும். பிரிட்ஜ் கதவுக்கும் அலமாரிக் கதவுக்கும் இப்படியே. இந்தச் சதுரங்களுக்குள் எந்தப் பொருளும் வரக் கூடாது.

அக்கா வீட்டுப் படத்தில் இதை வரைந்தவுடன் பாதி விஷயம் விளங்கிவிட்டது. கிழக்குச் சுவரை ஒட்டி 6 அடி மேடை. வடக்குச் சுவரில், மேடையின் ஓரத்தை ஒட்டிக் கதவு. அது உள்பக்கமாகத் திறந்து மேடையின் முன்னே வந்து நிற்கிறது. கதவு திறந்திருக்கும் வரை 6 அடி மேடையில் இரண்டரை அடி பயன்படாது. கதவோ நாள் முழுதும் திறந்துதான் இருக்கும். அதனால் அடுப்பு, காய் நறுக்குவது, பாத்திரம் வைப்பது எல்லாம் தெற்கே மிச்சமிருந்த மூன்றரை அடியில். மிக்ஸியும் கிரைண்டரும் கூடத்துக்குப் போய்விட்டன.

நடையை எண்ணுங்கள்

சமையலறையில் எத்தனை முறை, எந்த வழியில் நடக்கிறோம் என்று பார்ப்பது நூறாண்டுக்கும் மேற்பட்ட பழக்கம். அமெரிக்காவில் கிறிஸ்டின் பிரெடரிக் என்ற பெண்மணி 1910-களிலேயே இதைக் கோடுகளாக வரைந்து காட்டினார். அவருடைய எழுத்தைப் படித்த மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர், 1926-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். அளவு சுமார் 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ 70 சதுர அடி. ரயிலில் உள்ள உணவுப் பெட்டியின் சமையலறை அவருக்கு முன்மாதிரியாக இருந்தது. அங்கே சின்ன இடத்தில் எத்தனையோ பேருக்குச் சமைக்கிறார்களே! அந்நகரில் சுமார் 10,000 வீடுகளில் இது அமைக்கப்பட்டது.

அடுப்பு, தொட்டி, பிரிட்ஜ் மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தின் மொத்தச் சுற்று 13 முதல் 26 அடிக்குள் இருந்தால் நல்லது என்ற விதி பிறகு வந்தது. அக்கா வீட்டில் அது சுமார் 14 அடி. ஆக, தூரம் சரியாகவே இருந்தது!

படத்தைப் பிரின்ட் எடுத்து அக்கா மகளிடம் கொடுத்தேன். மதியச் சமையல் முடியும் வரை, அம்மா நடந்த ஒவ்வொரு நடைக்கும் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையில்தான் கோடுகள் அடர்ந்து கருத்திருந்தன. அந்தக் கருப்பின் ஓரத்தில் நின்றது சிலிண்டர். மாமா தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "மேற்குப் பக்கம் 3 அடி தள்ளினாலும் சிலிண்டர் இங்கதான நிக்கும்?" என்று அவரே கேட்டார்.

நகர்த்திப் பாருங்கள்

ஒர்க்ஷீட்டின் டேபில் ரைட் கிளிக் செய்து, மூவ் ஆர் காப்பி ஷீட் மூலம் ஒரு நகல் எடுத்துக்கொள்ளவும். பழைய படம் அப்படியே இருக்க, நகலில் மாற்றங்களைச் செய்யலாம். ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு ஷீட். கண்ட்ரோல் + எஸ் அழுத்தி அவ்வப்போது சேவ் செய்ய மறவாதீர்கள்.

எங்கள் முதல் யோசனை, கதவின் கீலை மறுபக்கம் மாற்றுவது. திரையில் பார்த்தபோது கதவுச் சதுரம் பிரிட்ஜ் கதவின் சதுரத்தில் இடித்தது. மேஸ்திரி வேலை முடிந்த பிறகு இது தெரிந்திருந்தால்? இங்கே கண்ட்ரோல் + இசட் போதும். இரண்டாவது யோசனை, கதவைக் கூடத்துப் பக்கமாகத் திறக்க வைப்பது. அது பொருந்தியது. தச்சருக்கு ஒரு நாள் வேலை.

அடுத்தது சிலிண்டர். மேடைக்கு அடியில் கடப்பா கல் தட்டு இருந்ததால்தான் அது வெளியே நின்றது. ஒரு பகுதியில் மட்டும் குறுக்குத் தட்டை எடுத்துவிட்டால் உள்ளே நிற்கும். மேடையைத் தாங்கும் நிறுத்துக் கல்லைத் தொடக் கூடாது. இதை மேஸ்திரி பார்த்துத்தான் சொல்ல வேண்டும். உயரம் அளக்கும்போது ரெகுலேட்டரையும் சேர்த்து அளக்கவும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். எனவே அந்த இடத்துக்குக் கதவு போட்டு அடைக்கக் கூடாது. டியூபை மாற்றும் வேலையை ஏஜென்சி மெக்கானிக்கிடம் விடுங்கள்.

திரை காட்டாதது

படம் முடிந்ததும், பழைய பேப்பர்களைப் பொருட்களின் நிஜ அளவுக்கு வெட்டித் தரையில் பரப்பினோம். அக்கா நடந்து பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, குடம் எங்கடா?" என்றார். மூன்று தண்ணீர்க் குடங்களை நாங்கள் வரையவே இல்லை! தினமும் அவற்றைத் தொடுகிறவருக்குத்தான் அது தெரியும். தெற்குச் சுவரில், சிலிண்டர் காலி செய்த இடத்தையும் சேர்த்து ஒன்றேகால் அடி அகலத்தில் ஒரு பலகை அடித்தோம். அதன் கீழே குடங்கள், மேலே தொட்டியில் கழுவிய காய்களை வைக்கவும் நறுக்கவும் இடம்.

ஆகவே, மவுஸ் உங்கள் கையில் இருந்தாலும், சமைப்பவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள். பலகையின் உயரமும் அவர் கணக்குத்தான். நின்றபடி கையை மடக்கினால் முழங்கை எங்கே இருக்கிறதோ, அதற்கு நான்கைந்து அங்குலம் கீழே இருந்தால் தோள் வலிக்காது.

சுவர் இடிபடவில்லை. காலேஜ் கட்டணத்துப் பணமும் வங்கியில் அப்படியே இருந்தது. கதவு திரும்பியது, மிக்ஸியும் கிரைண்டரும் கூடத்திலிருந்து மேடைக்கு வந்தன. பிளக் பாயிண்ட் ஒன்று மட்டும் புதிதாகப் போட வேண்டியிருந்தது. அறை இன்றும் அதே 48 சதுர அடிதான்.

போன மாதம் அக்கா போன் செய்தார். "டேய், அந்தக் கட்டம் போடுறதை இன்னொரு தடவை சொல்லு. பக்கத்து வீட்டுக்காரங்க வந்து உக்காந்திருக்காங்க" என்றார். இந்த முறை மவுஸ் அவர் கையில் இருந்தது.