தோல்வியையும் எழுதும் போர்க்கணக்கு

போர்க்களம் பாடுவதில் தமிழர்க்கு நிகர் தமிழரே என்று மேடைதோறும் முழங்குகிறோம். பரணி உண்டு, களவழி உண்டு, முதலாம் இராசராசன் காலந்தொட்டுக் கல்வெட்டின் தலைப்பில் மெய்க்கீர்த்தியும் உண்டு. ஆயினும் மெய்க்கீர்த்தியைப் படிப்போர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழாமற் போகாது. இம்மன்னர்கள் எங்குமே தோற்றதில்லையா?

தோல்வியை மறைக்கவொண்ணாத போர்க்கணக்கு ஒன்று இந்நாளில் இருக்கின்றது. அஃது இருப்பதோ ஒரு விளையாட்டில்! 1969 முதல் மலைநீரால் மின்சாரம் பிறப்பிக்கும் எம் பொல்பிட்டியவிலும் இளைஞர் நாவில் இணைய விளையாட்டுகளின் பெயரே மிகுதி. 'வீண்பொழுது' என்று ஒதுக்கும் ஆசிரியப் பெருமக்கள் சற்றே பொறுத்தருள்க.

ஐஸ்லாந்து நாட்டின் சி.சி.பி. நிறுவனம் 2003-ஆம் ஆண்டு வெளியிட்டது 'ஈவ் ஆன்லைன்' என்னும் விண்வெளி விளையாட்டு. உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கானோர் ஒரே விண்வெளியில் கலம் செலுத்துவர். கலம் அழிந்தால் அழிந்ததுதான். அதை ஈட்டச் செலவிட்ட நாட்களும் அதனோடு போயின. செலுத்தியவன் மட்டும் புதுவுடலில் எழுவான். அந்நொடியே ஓர் ஓலை பிறக்கும். 'கில்மெயில்' என்பது அதன் பெயர். அழிந்த கலம், இடம், நேரம், தாக்கியோர் அனைவர் பெயர், யார் எவ்வளவு சேதம் செய்தார், இறுதி அடி யாருடையது என்பனவெல்லாம் அதில் இருக்கும். அவ்வோலை இறுதி அடி அடித்தவனுக்கும் செல்லும்; இழந்தவனுக்கும் செல்லும். இவற்றைத் திரட்டி யாவரும் காண வைக்கும் பொதுஏடு 'கில்போர்டு'. ஒருவன் மறைத்தாலும் மற்றவன் வழியே செய்தி ஏடேறிவிடும்.

பத்துப் பேர் கொண்ட சிறுகுழு ஒன்றின் பக்கத்தை எண்ணிப் பாருங்கள். அழித்தது 90 கோடி, இழந்தது 10 கோடி எனின், திறன் நூற்றுக்கு 90 என்று ஏடு காட்டும். இவ்வெண்ணை உயர்த்த எளிய வழியும் உண்டு. படைக்கலமற்ற சரக்குக் கலங்களை வழிமறித்து அழித்தாற் போதும்! போருக்குமுன் ஆவையும் பெண்டிரையும் பிணியுடையோரையும் அரண் சேரச் சொல்லும் அறநெறியைப் பாண்டியன் முதுகுடுமிமேல் வைத்துப் பாடிய நெட்டிமையார் இதனை வெற்றியென்று கொள்வாரா? மேலும், ஐம்பதின்மர் கூடி ஒருவனை வீழ்த்தினாலும் ஐம்பதின்மர் கணக்கிலும் ஒவ்வொரு வெற்றி ஏறும்.

ஆதலின் பயின்றோர் விழுக்காட்டை நம்புவதில்லை. ஓலையைப் பிரித்து, எத்தனை பேருக்கு எதிர் எத்தனை பேர் என்று நோக்குவர். தலையாலங்கானத்தில் இடைக்குன்றூர்கிழார் வியந்ததும் அதுவே. வெற்றி உலகத்துக்குப் புதிதன்று; ஒருவனை எழுவர் சூழ, அவ்வொருவன் வென்றதே புதிது. 'ரூக்ஸ் அண்ட் கிங்ஸ்' என்னும் அணி அவ்விண்வெளியில் பெயர் பெற்றதும், பெருந்திரளைச் சிலராய் நின்று எதிர்த்த சூழ்ச்சித் திறத்தால்தான்.

பெரும்போர்களுக்கு நினைவுச் சின்னம் கிடைத்துவிடுகின்றது. 2014 சனவரி 27, 28-இல் 'பி-ஆர்5ஆர்பி' என்னுமிடத்தில் ஏறத்தாழ 21 மணி நேரம் நடந்த போரில், 'டைட்டன்' எனும் மாபெருங் கலங்கள் 75 அழிந்தன. ஒரு தவணைப்பணம் கட்டத் தவறியதே அதற்கு வித்து என்பது வேடிக்கை! அச்சிதைவுகளை அங்கேயே நிலையாக நிறுத்தியது நிறுவனம். நடுகல் அல்லாமல் வேறென்ன? சிறுகுழுக்களுக்கோ ஏட்டின் வரிகளே நடுகல்.

அவ்வரிகளில் தோல்வி இருப்பது இழுக்காகுமா? வெண்ணிப் போரில் கரிகாலன் வேல் சேரமான் பெருஞ்சேரலாதன் மார்பில் பாய்ந்து முதுகிலும் புண்படுத்தியது. நாணிய சேரன் வடக்கிருந்தான். வெண்ணிக்குயத்தியார் வென்ற கரிகாலனின் முகத்தெதிரே, உன்னினும் அவன் நல்லனல்லனோ என்று பொருள்படப் பாடினார். மெய்க்கீர்த்தி எழுதியோர்க்கு வாராத துணிவு அது.

இவ்விளையாட்டில் நேரிய போர் ஒன்று முடிந்ததும், இருதிறத்தாரும் பொது உரையாடலில் 'ஜீ.எஃப்.' என்று இரண்டெழுத்து எழுதுவது வழக்கம். 'நற்போர்' என்பது அதன் பொருள். கலத்தை இழந்தவனே அதை முதலில் எழுதுவதும் உண்டு.