கைபேசி காட்டும் எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

2022 டிசம்பர் 9ஆம் திகதி புகைமூட்டத்தாலும் சீரற்ற காலநிலையாலும் பாடசாலைகள் மூடப்பட்டன. அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தவர்கள் எல்லோரும் கைபேசியில் வளித் தரச் சுட்டெண்ணைப் பார்த்து, "எல்லாம் இந்தியாவிலிருந்து வருகிற புகை" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதில் உண்மை இருக்கிறது, ஆனால் முழு உண்மையல்ல. பிஎம் 2.5 என்பது முடியின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கான துணிக்கைகளின் எடை மட்டுமே. கடல் உப்பு 10 மைக்ரோகிராமும் கரி 10 மைக்ரோகிராமும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். எங்கிருந்து வந்தது என்பதை அறிய, வடிதாளில் படிந்த தூசை ஆய்வுகூடத்தில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு மூலத்துக்கும் ஒரு கைரேகை உண்டு. விறகும் சருகும் எரிந்தால் பொட்டாசியம். கப்பல்களும் அனல்மின் நிலையங்களும் எரிக்கும் கனரக எண்ணெயில் வனேடியம். டயர் தேய்மானத்தில் துத்தநாகம். கொழும்பு போன்ற கரையோர நகரில் சோடியமும் குளோரினும், அதாவது கடல் உப்பு, எப்படியும் இருக்கும். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

எல்லை தாண்டி வருவதில் பெரும்பங்கு சல்பேட். நிலக்கரியும் டீசலும் எரியும்போது வெளியாகும் கந்தக வாயு, காற்றில் பல நாட்கள் மிதந்து, அமோனியாவுடன் சேர்ந்து நுண்துணிக்கையாகிறது. வடகீழ் பருவக்காற்று அதை இங்கே சேர்க்கிறது. கருங்கரி அப்படியல்ல. அது எரியும் இடத்திலேயே பிறக்கிறது: பஸ்ஸின் பின்னால், முச்சக்கரவண்டியின் அருகில், நம் வளவில்.

உள்ளே இருப்பது தெரிந்தால் திருத்தவும் முடியும். 2002இல் பெற்றோலிலிருந்து ஈயத்தை நீக்கியதும் கொழும்புக் காற்றில் ஈயம் குறைந்தது. அதற்காக எவரும் வாகனத்தைக் கைவிடவில்லை.

எங்கள் மஹல்லாவில் வலீமா முடிந்த மறுநாள் லஞ்ச் ஷீட்டுகளும் போத்தல்களும் பள்ளிக்குப் பின்னால் எரிக்கப்படும். பிளாஸ்டிக் அரைகுறையாக எரிந்தால் கரியோடு, புற்றுநோயுடன் தொடர்புடைய பென்சோபைரீன் போன்ற சேர்மங்களும் வரும். சுட்டெண்ணில் அது ஓரிரு புள்ளிகூட ஏறாது. ஆனால் பக்கத்து மத்ரஸாப் பிள்ளைகள் சுவாசிப்பது அந்தப் புகையைத்தான். அடுத்த வலீமாவுக்கு முன் குப்பையை ஏற்றிச் செல்ல ஒரு வண்டி ஒழுங்கு செய்யுமாறு நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன். செலவு யார் தருவது என்பதில் பேச்சு நிற்கிறது.