பனிப்பாளத்தை அளக்கும் கணிப்பொறி

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில், தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. தென்சென்னைப் புறநகர்களின் மழைநீர் வடிவதற்கு முக்கிய வழிகள் இரண்டு. ஒன்று அடையாறு. மற்றொன்று பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கோவளம் முகத்துவாரத்தை அடையும் பாதை. இரண்டும் முடிவது கடலில்தான். கடல்மட்டம் உயர்ந்தால் வடிகாலின் சரிவு குறையும். நீர் தேங்கும் நேரம் கூடும். 2100-ஆம் ஆண்டில் கடல் எவ்வளவு உயர்ந்திருக்கும்? இவ்வினாவுக்குத் திட்டவட்டமான விடை கூறவிடாமல் தடுப்பது, நம் கடற்கரையிலிருந்து நேர் தெற்கே ஏறத்தாழ 9,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அண்டார்க்டிகாவின் பனிப்பாளமே.

வரவும் செலவும்

அண்டார்க்டிகாவின் பனிப்பாளம் சுமார் 1.4 கோடி சதுர கிலோமீட்டர் பரந்தது. அதன் சராசரித் தடிமன் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். அது முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் 58 மீட்டர் அளவுக்கு உயரும்.

பனிப்பாளத்துக்கும் வரவு செலவுக் கணக்கு உண்டு. வரவு, மேலே விழும் பனி. நம் நாடு 1983-84-இல் அங்கு அமைத்த ‘தட்சிண கங்கோத்ரி’ நிலையம் பனியில் புதைந்து, 1990 வாக்கில் கைவிடப்பட்டதிலிருந்தே இந்த வரவின் வலிமையை உணரலாம். அதன்பின் வந்த ‘மைத்ரி’, ‘பாரதி’ நிலையங்கள் பாறைத் தரையின்மேல் கட்டப்பட்டன. செலவு, கடலோரத்தில் உடைந்து மிதந்து செல்லும் பனிப்பாறைகளும், அடியில் கடல்நீர் கரைத்துவிடும் பனியுமாகும்.

கட்டம் கட்டமாக ஒரு கணக்கு

ஒரு கண்டத்தை ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதிக்க முடியாது. ஆகவே அதனைக் கணிப்பொறிக்குள் எண்களாக அமைக்கிறார்கள். பனிப்பாளம் சிறுசிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திற்கும் தடிமன், வெப்பநிலை, சரிவு ஆகியவை தரப்படுகின்றன.

கற்பனையாக ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். நீளம் 10,000 மீட்டர். தடிமன் 1,000 மீட்டர். மேற்புறத்திலிருந்து பனி ஆண்டுக்கு 100 மீட்டர் வேகத்தில் உள்ளே வருகிறது. கீழ்ப்புறத்தில் 104 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. இந்த 4 மீட்டர் வேறுபாட்டால் தடிமன் ஆண்டுக்கு 0.4 மீட்டர் குறையும். புதிதாக விழும் பனி 0.3 மீட்டரை ஈடு செய்கிறது என்போம். நிகர இழப்பு 0.1 மீட்டர். ஆண்டின் இறுதியில் தடிமன் 999.9 மீட்டர். இந்த எண்ணை வைத்து அடுத்த ஆண்டின் கணக்கைத் தொடங்க வேண்டும். இதையே பல இலட்சம் கட்டங்களுக்கு, நூறு ஆண்டுகளுக்குச் செய்வதுதான் கணிப்பொறியின் வேலை.

பனியின் வேகம் எதைப் பொறுத்தது? 1950-களில் ஜான் கிளென் என்ற ஆங்கில இயற்பியலாளர் பனிக்கட்டியை அழுத்தி ஆராய்ந்தார். பனி உருமாறும் வேகம், தகைவின் மும்மடிக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் உள்ளது எனக் கண்டார். தகைவு இரு மடங்கானால் வேகம் எட்டு மடங்காகும்! சரிவைக் கணிப்பதில் நேரும் சிறு பிழையும் விடையில் பெரும் பிழையாக வளர்வது இதனால்தான்.

மிதக்கும் முட்டு

நீர் நிறைந்த குவளையில் மிதக்கும் பனிக்கட்டி உருகினால் நீர்மட்டம் உயராது. ஆர்க்கிமிடீஸ் தத்துவம் நாம் அறிந்ததே. எனில், அண்டார்க்டிகாவின் ஓரத்தில் கடலில் மிதக்கும் பனித்தட்டுகள் உருகினால் என்ன கேடு? அவை தாமே கடலை உயர்த்துவதில்லை. ஆனால் பின்னாலுள்ள பனியாறுகளுக்கு அவை முட்டுக் கொடுத்து நிற்கின்றன. 2002-இல் லார்சன்-பி என்னும் பனித்தட்டில் சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் பகுதி சில வாரங்களில் நொறுங்கியது. அதன்பின் அங்குள்ள சில பனியாறுகளின் வேகம் எட்டு மடங்கு வரை கூடியது.

மேற்கு அண்டார்க்டிகாவில் பனியின் அடித்தரை கடல்மட்டத்திற்குக் கீழே இருக்கிறது. உட்புறம் செல்லச் செல்ல ஆழமும் கூடுகிறது. பனி தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் எல்லைக்கோடு உள்நோக்கி நகர்ந்தால், அங்கே பனி தடித்திருப்பதால் வெளியேற்றமும் மிகும். கோடு மேலும் பின்வாங்கும். 1974-இல் வீர்ட்மன் என்ற அறிஞர் இதனைக் கணித முறையில் விளக்கினார். இக்கோட்டின் அருகே மட்டும் கட்டங்களை ஒரு கிலோமீட்டர் அளவுக்கும் சிறியதாக்க வேண்டியிருக்கிறது.

மாதிரியை நம்பலாமா?

வருங்காலத்தைக் கேட்கும் முன் கடந்த காலத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். 2002 முதல் செயற்கைக்கோள்கள் புவியீர்ப்பின் மாறுதலைக் கொண்டு பனியை எடை போட்டு வருகின்றன. அண்டார்க்டிகா சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 15,000 கோடி டன் பனியை இழந்துள்ளது. நடந்து முடிந்த இந்த இழப்பைச் சரியாகச் சொல்லாத மாதிரி, நடக்கப்போவதைச் சொல்வதை எப்படி ஏற்பது?

2020-இல் 13 ஆய்வுக் குழுக்களின் மாதிரிகள் ஒப்பிடப்பட்டன. புவி மிகவும் வெப்பமுறும் நிலையில், 2100-க்குள் அண்டார்க்டிகா கடலுக்குத் தரும் பங்கு -7.8 முதல் 30 சென்டிமீட்டர் வரை என அவை கூறின. குறைக்குறி ஏன்? வெப்பக் காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும். அதனால் பனிப்பொழிவு கூடி, வரவு செலவை மிஞ்சவும் கூடும். விடைகள் வேறுபடுவதால் மாதிரிகள் வீண் என்று பொருளன்று. பனியின் அடித்தரையும் அதைத் தொடும் கடல்நீரின் வெப்பமும் இன்னும் துல்லியமாக அளக்கப்பட வேண்டும் என்பதை அவையே சுட்டிக் காட்டுகின்றன.

எல்லாக் காரணங்களையும் கூட்டி, 2021-இல் பன்னாட்டுக் காலநிலைக் குழு தந்த மதிப்பீடு இது: கரி வாயு உமிழ்வு மிகக் குறைந்தால் உலகக் கடல்மட்ட உயர்வு 2100-க்குள் 0.28 முதல் 0.55 மீட்டர், உமிழ்வு மிக அதிகமானால் 0.63 முதல் 1.01 மீட்டர். பனிப்பாளங்களில் இன்னும் தெளிவாக விளங்காத நிகழ்வுகளால், உயர்வு 2 மீட்டரை நெருங்குவதையும் மறுப்பதற்கில்லை.

இந்த எண்களை நம் வடிகாலில் இட்டுப் பார்ப்போம். கடலை விட 2 மீட்டர் உயரத்திலிருந்து நீர் வடிவதாகக் கொள்க. கடல் அரை மீட்டர் உயர்ந்தால் சரிவு நான்கில் ஒரு பங்கு குறையும். கால்வாய் நீரின் வேகம் சரிவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மற்றவை மாறாதிருப்பின் வேகம் சுமார் 13 விழுக்காடு குறையும். ஒரு மீட்டர் உயர்ந்தால் 29 விழுக்காடு குறையும். இன்று கட்டும் மதகும் கால்வாயும் 2100-லும் நிற்கக் கூடியவை. அவற்றை எந்த எண்ணுக்கு ஏற்ப அமைப்பது என்று முடிவு செய்வதற்கு, துருவப் பனியின் கணக்கு நமக்கும் வேண்டியிருக்கிறது.