சோறு போட்டவர்கள் வைத்த தீ

அமெரிக்காவில் ஐரோப்பியர் குடியேறிய கதை பள்ளிப் புத்தகங்களில் பெரும்பாலும் 1607, ஜேம்ஸ்டவுன், ஆங்கிலேயர் என்றுதான் ஆரம்பிக்கும். விவரம் தெரிந்தவர்கள் 1580-களில் ரோனோக் தீவில் குடியேறிக் காணாமல்போனவர்களையும் சேர்த்துச் சொல்வார்கள். அதற்கும் ஏறக்குறைய இருபது ஆண்டு முன்னால், அப்பலாச்சியன் மலையடிவாரத்தில் ஸ்பானியர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்ததும், ஒன்றரை ஆண்டுக்குள் அதைப் பறிகொடுத்ததும் பலருக்குத் தெரியாது.

வட கரோலினா மாநிலத்தில் மோர்கன்டன் நகருக்கு அருகே, அப்பர் கிரீக் என்ற ஓடையின் கரையில் இருக்கிறது அந்த இடம். சுமார் 12 ஏக்கர் விளைநிலம். ‘பெர்ரி அகழிடம்’ என்று பெயர். 1986-ல் தொல்லியலாளர் டேவிட் மூர் இங்கே தோண்டத் தொடங்கியபோது தேடியது பழங்குடிகளின் ஊரைத்தான். மேலே கிடைத்த சில ஓடுகள் அந்த ஊர்க்காரர்கள் செய்தவை அல்ல. ஸ்பானிய ஜாடிகள் உடைந்தவை. ராபின் பெக், கிறிஸ்டோபர் ராட்னிங் இருவரும் பிறகு சேர்ந்துகொள்ள, ஏட்டில் மட்டும் இருந்த ஜோவாரா என்ற ஊர் மண்ணிலும் அகப்பட்டது.

ஏட்டுக் கதை இது. 1566 டிசம்பரில், இன்றைய தெற்குக் கரோலினாக் கடற்கரையில் இருந்த சாந்தா எலேனாவிலிருந்து ஹுவான் பார்தோ என்ற தளபதி 125 வீரர்களுடன் கிளம்பினார். மெக்சிகோவில் சகதேகாஸ் வெள்ளிச் சுரங்கங்கள் வரைக்கும் தரைவழி கண்டுபிடிக்க வேண்டும் என்பது உத்தரவு. மலையைத் தாண்டினால் மெக்சிகோ வந்துவிடும் என்று நினைத்திருந்தார்கள். நடுவில் பாதிக் கண்டம் கிடப்பது யாருக்கும் தெரியாது! இன்னொரு காரணமும் உண்டு, என் பார்வையில் அதுதான் முக்கியமானது. கடற்கரையில் தானியம் போதவில்லை. குளிர்காலத்தில் இத்தனை வயிறுகளை உள்நாட்டு ஊர்கள் தலையில் கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள்.

ஜனவரி 1567-ல் ஜோவாரா வந்தார்கள். மலையில் பனி மூடியிருந்ததால் மேலே போக வழியில்லை. பார்தோ அங்கேயே சான் ஹுவான் கோட்டையைக் கட்டி, ஊருக்குத் தன் சொந்த ஊரான குவென்காவின் பெயரையும் சூட்டிவிட்டு, எர்னான்டோ மோயானோ தலைமையில் 30 பேரை விட்டுத் திரும்பினார். ஊருக்கு ஏற்கெனவே பெயர் இருந்ததைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இனி மண் சொல்வது. அகழாய்வில் ஸ்பானியர் குடியிருந்த ஐந்து கட்டடங்கள் அகப்பட்டன. ஐந்துமே எரிந்தவை. எரிந்ததால்தான் தப்பின, மக்கிப் போயிருக்க வேண்டிய மரம் கரியாகிக் கிடந்தது. கம்பம் நட்டு எழுப்பிய முறை உள்ளூர்க்காரர்களுடையது. சில மரங்களில் இரும்புக் கருவி வெட்டிய தடம். ஆக, ஆரம்பத்தில் இரண்டு பக்கமும் கைகோத்துத்தான் வேலை செய்திருக்கிறார்கள். ஆணிகள், ஈயக் குண்டுகள், சங்கிலிக் கவசத்தின் வளையங்கள், கண்ணாடி மணிகள் என்று ஸ்பானியப் பொருட்கள் கிடைத்தன. ஆனால் சமையல் பானைகளைப் பாருங்கள். மாக்கல்லைப் பொடித்துக் களிமண்ணில் கலந்து வனைந்த உள்ளூர்ப் பானைகள் அவை. நம் பாட்டிமார் குழம்பு வைத்த கல்சட்டியும் அதே மாக்கல்தான். ஸ்பெயினிலிருந்து வந்த வீரன் தின்றது ஜோவாராப் பெண்கள் பொங்கிப் போட்டதை.

பார்தோவுடன் வந்த எழுத்தர் ஹுவான் தே லா பாந்தேரா ஊர் ஊராகக் குறித்து வைத்திருக்கிறார்: தலைவர்களுக்குக் கோடரி, உளி, கத்தி பரிசு, பதிலுக்கு ஸ்பானியர்களுக்கென்று ஒரு வீடும் அதில் மக்காச்சோளமும் ஒதுக்கி வைக்க வேண்டும். விருந்தாளி என்றால் நாலு நாளில் கிளம்ப வேண்டும். இவர்கள் கிளம்பவில்லை. மோயானோ மலைக்கு அப்பால் போய்ச் சிஸ்கா மக்களின் ஊர்களைக் கொளுத்திவிட்டு, அதைக் கடிதத்தில் பெருமையாகவும் எழுதினார். வீரர்கள் ஊர்ப்பெண்களிடம் நடந்துகொண்ட விதமும் பிறகு மூண்ட சண்டைக்கு ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

பார்தோ இரண்டாம் முறை வந்து மேலும் ஐந்து கோட்டைகள் கட்டினார். 1568 மே மாதம் சாந்தா எலேனாவுக்குச் செய்தி வந்தது: உள்ளூர்க்காரர்கள் தாக்கி, ஆறு கோட்டைகளும் வீழ்ந்தன. உள்ளே இருந்த சுமார் 130 பேரில் தப்பியவர் ஒரே ஒருவர். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் எப்படித் தோற்றார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அடுத்தவன் களஞ்சியத்தை நம்பிக் கோட்டை கட்டினால் துப்பாக்கி எத்தனை நாளைக்கு உதவும்?

ஸ்பானியர்கள் அந்த மலைப்பக்கம் மறுபடி குடியேற வரவில்லை. 1587-ல் சாந்தா எலேனாவையும் காலி செய்தார்கள். 2013-ல் கோட்டையின் அகழியும் வெளிப்பட்டபிறகு, இடத்தைப் பற்றிய சந்தேகமும் தீர்ந்தது. ஜோவாரா மக்கள் இன்றைய கடாவ்பா இனத்தவரின் முன்னோர் என்று கருதப்படுகிறார்கள்.

சார்லட் நகரில் வேலை பார்க்கும் நம்மவர்கள் நிறைய. அங்கிருந்து மோர்கன்டன் காரில் ஒன்றரை மணி நேரம்தான். நிலம் தனியாருடையது, நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. கோடையில் அகழாய்வு நடக்கும்போது பொதுமக்களுக்கு ஒரு நாள் திறந்துவிடுவது வழக்கம். விசாரித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஜேம்ஸ்டவுன் படிக்கும் பிள்ளைகளையும் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.