எச்-குறியீடு 100: சி.என்.ஆர். ராவின் சாதனை எண் சொல்வது என்ன, சொல்லாதது என்ன?

பெங்களூரு: ஒரு விஞ்ஞானியின் வாழ்நாள் உழைப்பை ஒற்றை எண்ணால் அளந்துவிட முடியுமா? வேதியியலாளர் சி.என்.ஆர். ராவின் எச்-குறியீடு 100-ஐ எட்டியதாக 2013-ஆம் ஆண்டு செய்தி வெளியானபோது, அந்த எல்லையைத் தொட்ட முதல் இந்திய விஞ்ஞானி என அவர் பாராட்டப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் அவருக்கு பாரத ரத்னா விருதும் அறிவிக்கப்பட்டது. இன்று ஆய்வாளர்களின் பணி நியமனம், பதவி உயர்வு ஆகியவற்றின்போதும் பேசப்படும் இந்த எண்ணின் பொருளை அறிவது அவசியமாகிறது.

எச்-குறியீடு என்பது என்ன?

ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் சான்றாகக் குறிப்பிடுவதே மேற்கோள் எனப்படுகிறது. இதன் அடிப்படையில், அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-இல் எச்-குறியீட்டை முன்மொழிந்தார்.

எடுத்துக்காட்டாக, ஒருவர் எழுதிய ஐந்து கட்டுரைகள் முறையே 10, 8, 5, 4, 3 மேற்கோள்களைப் பெற்றுள்ளதாகக் கொள்வோம். அவற்றுள் நான்கு கட்டுரைகள் தலா நான்கு மேற்கோள்களுக்குக் குறையாமல் பெற்றிருப்பதால் அவருடைய எச்-குறியீடு 4. இதன்படி, 100 என்பது குறைந்தது 100 கட்டுரைகள் தலா 100 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டதைக் குறிக்கும்.

ராவ் கடந்துவந்த பாதை

1934 ஜூன் 30-ஆம் தேதி பெங்களூரில் பிறந்த ராவ், மைசூரு பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டமும், பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். 1958-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே தாயகம் திரும்பி இந்திய அறிவியல் கழகத்தில் பணியில் சேர்ந்தார். 1963 முதல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பணியாற்றிய அவர், 1976-இல் மீண்டும் பெங்களூரு வந்து திண்மநிலை வேதியியலுக்கெனத் தனிப் பிரிவை உருவாக்கினார். 1984 முதல் 1994 வரை அக்கழகத்தின் இயக்குநராக இருந்தார். 1989-இல் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தை நிறுவினார்.

திண்மப் பொருள்களின் அமைப்புக்கும் பண்புகளுக்கும் இடையிலான தொடர்பே அவருடைய ஆய்வின் மையம். உலோக ஆக்சைடுகளில் தொடங்கி, கார்பன் நுண்குழாய்கள், கிராஃபீன் என அது விரிந்தது. அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் 1,500-க்கும் அதிகம்.

எண்ணுக்குள் அடங்காதவை

1986-இல் சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரில் பெட்நோர்ஸ், முல்லர் ஆகிய இருவரும் லாந்தனம், பேரியம், தாமிரம் கலந்த ஆக்சைடில் உயர்வெப்பநிலை மீகடத்துத் திறனைக் கண்டறிந்தனர். மறு ஆண்டே நோபல் பரிசும் பெற்றனர். அதே வகை ஆக்சைடுகளின் பண்புகளை ராவின் குழு முன்னரே ஆராய்ந்து வந்தது. எனவே, புதிய துறையில் அக்குழுவால் உடனடியாகக் களமிறங்க முடிந்தது. பல ஆண்டுகள் பொறுமையாகச் சேர்த்த இத்தகைய தேர்ச்சியையோ, உருவாக்கிய ஆய்வுக்கூடங்களையோ, பயிற்றுவித்த மாணவர்களையோ எச்-குறியீடு கணக்கில் கொள்வதில்லை.

வேறு குறைகளும் உள்ளன. புரதத்தின் அளவைக் கண்டறியும் முறையை விளக்கி ஆலிவர் லௌரி குழுவினர் 1951-இல் வெளியிட்ட கட்டுரை 3 லட்சத்துக்கும் அதிகமான மேற்கோள்களைப் பெற்றது. ஆயினும், ஒருவரின் எச்-குறியீட்டில் அத்தகைய கட்டுரை ஒன்றாகவே எண்ணப்படும். கணிதத்தைவிட வேதியியலிலும் மருத்துவத்திலும் மேற்கோள்கள் அதிகம் என்பதால், வெவ்வேறு துறையினரை இந்த எண்ணால் ஒப்பிட இயலாது. பல ஆசிரியர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரையில் யாருடைய பங்கு எவ்வளவு என்பதையும் அது காட்டாது.

இளம் ஆய்வாளர்களுக்கு ஏன் முக்கியம்?

எண்ணிக்கைக்கு முன்னுரிமை அளித்ததன் விளைவை இந்தியா ஏற்கெனவே கண்டுள்ளது. கட்டணம் பெற்றுக்கொண்டு முறையான மதிப்பாய்வின்றிக் கட்டுரைகளை வெளியிடும் ஆய்விதழ்கள் பெருகின. 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு தனது அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 ஆய்விதழ்களை நீக்கியது. முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயமும் 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிமுறைகளில் கைவிடப்பட்டது.

ஆய்விதழின் தரக் குறியீட்டைக் கொண்டு ஆய்வாளரை மதிப்பிடக் கூடாது. ஆய்வின் உள்ளடக்கத்தையே மதிப்பிட வேண்டும் என 2013-இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனமும் வலியுறுத்துகிறது.

ராவின் 100 என்ற எண், அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே துறையில் ஊன்றி நின்ற உழைப்பின் பின்னர் வந்தது. பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன ஓர் ஆய்வாளரிடம் அதே அளவுகோலை நீட்டினால், விடை காணப் பல ஆண்டுகள் தேவைப்படும் கேள்விகளை விடுத்து, விரைவில் கட்டுரையாகும் கேள்விகளையே அவர் தேர்ந்தெடுக்க நேரும்.